ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை: வங்கதேசம் நனைகிறது, வடசிலி காய்கிறது, ஏன்?

கேள்வி இதுதான்: "கடலும் மலையும் பக்கத்தில் இருந்தால் மழைக்குக் குறைவிருக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வங்கதேசத்துக்குத் தெற்கே கடல், வடக்கே இமயமலை. அங்கே வருஷா வருஷம் வெள்ளம். சிலிக்கு மேற்கே கடல், கிழக்கே ஆண்டீஸ் மலை. அங்கேதான் உலகின் மிக வறண்ட பாலைவனம் இருக்கிறது. இது எப்படி?"

கேட்டவர் தற்செயலாகவே மிகப் பொருத்தமான ஜோடியைப் பிடித்திருக்கிறார். டாக்கா நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 23.8 டிகிரியில் இருக்கிறது. வடசிலியின் துறைமுக நகரமான அன்டோஃபகாஸ்டா தெற்கே 23.6 டிகிரியில் இருக்கிறது. கடகரேகை வங்கதேசத்தின் குறுக்கே ஓடுகிறது. மகரரேகை அன்டோஃபகாஸ்டாவுக்குக் கொஞ்சம் வடக்கே போகிறது. ஆக, சூரியன் இருவருக்கும் ஒரே படிதான் அளக்கிறது. ஆனால் டாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. அன்டோஃபகாஸ்டாவில் வெறும் சில மில்லிமீட்டர். அதுவும் சராசரிக் கணக்குக்குத்தான். ஒரு சொட்டும் விழாத வருஷங்கள் உண்டு.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: கடல் இருந்தால் மட்டும் போதாது, அது சூடான கடலா குளிர்ந்த கடலா என்று பார்க்க வேண்டும். மலை இருந்தால் மட்டும் போதாது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்து அதில் மோதுகிறது என்று பார்க்க வேண்டும். பாடப்புத்தகம் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் வங்கதேசம். மே, ஜூன் மாதங்களில் வங்காள விரிகுடாவின் மேல்மட்ட நீர் 28 முதல் 30 டிகிரி வரை சூடாக இருக்கும். கிட்டத்தட்ட அடுப்பில் வைத்த அண்டா. அதன் மேல் வரும் காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வடக்கே திரும்புகிறது. வங்கதேசச் சமவெளியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. நாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரம்கூட இல்லை. காற்று வழுக்கிக்கொண்டே போய், வடகிழக்கு எல்லையைத் தாண்டியதும் மேகாலயக் குன்றுகளில் முட்டுகிறது. முட்டியதும் மேலே ஏறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. சிரபுஞ்சியும் மௌசின்ராமும் அந்தச் சுவரின் உச்சியில்தான் இருக்கின்றன. மௌசின்ராமின் ஆண்டுச் சராசரி சுமார் 11,800 மில்லிமீட்டர். சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை ஒரே ஆண்டில் 26,461 மில்லிமீட்டர் பெய்தது இன்றும் உலகச் சாதனை. சுவரின் அடிவாரத்தில் வங்கதேசப் பக்கம் இருக்கும் சில்ஹெட்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் கிடைக்கிறது. சுவரிலிருந்து விலகி மேற்கே இருக்கும் ராஜ்ஷாஹிக்கு 1,500 அளவில்தான். ஒரு சின்ன நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

ஆனால் வங்கதேசத்து வெள்ளத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் வங்கதேசத்தில் பெய்த மழை அல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்றும் சேர்ந்து சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீரை வடிக்கின்றன. திபெத், நேபாளம், பூட்டான், பாதி வடஇந்தியா எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பரப்பில் வங்கதேசத்தின் பங்கு நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுதான். ஊரெல்லாம் சேர்ந்து குளித்த தண்ணீர் ஒரு வீட்டு முற்றம் வழியாகப் போகிற கதை. 1998இல் மூன்று ஆறுகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உச்சம் தொட்டபோது நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நீரில் மூழ்கியது. வடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தரையில் சரிவே இல்லை என்றால் நீர் எங்கே ஓடும்?

சரி, இப்போது சிலிக்கு வருவோம். வரைபடத்தில் பார்த்தால் யாரோ தென்னமெரிக்காவின் ஓரத்தைக் கிழித்து வைத்த மாதிரி இருக்கும். நீளம் சுமார் 4,300 கிலோமீட்டர், சராசரி அகலம் 180 கிலோமீட்டர் அளவில். இந்த ஒல்லி உருவத்துக்குக் காரணம் ஆண்டீஸ். அந்த மலைச்சுவருக்கும் கடலுக்கும் நடுவே மிச்சமான இடம்தான் நாடு.

வடசிலியை ஒட்டிய பசிபிக் கடலில் ஹம்போல்ட் நீரோட்டம் அண்டார்டிகா பக்கத்துக் குளிர்நீரை வடக்கே இழுத்துக்கொண்டு வருகிறது. போதாததற்கு, கரையோரமாகத் தெற்கிலிருந்து வீசும் காற்று மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, ஆழத்திலிருக்கும் இன்னும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதனால் வெப்ப மண்டலத்தின் விளிம்பில் இருந்தும் அன்டோஃபகாஸ்டா கரையில் கடல் நீர் 15 முதல் 20 டிகிரிக்குள்தான் இருக்கும். மீனுக்கு இது சொர்க்கம். மழைக்கு இது சாவு.

ஏனென்றால் குளிர்ந்த கடலை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் போகிறது. அதே இடத்தில் மேலே பசிபிக்கின் நிரந்தர உயரழுத்தம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது, இறங்க இறங்கச் சூடாகிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு மூடி போட்ட மாதிரி. அந்த மூடிக்குக் கீழே ஈரம் இருக்கிறது, மேகமும் இருக்கிறது, ஆனால் மேலே எழும்பி மழையாக வழியில்லை. கரைக்கு வருவது பனிமூட்டம் மட்டும். உள்ளூர்க்காரர்கள் அதை கமான்சாக்கா என்கிறார்கள். சுங்குங்கோ என்ற மீனவக் கிராமத்துக்கு மேலே மலைமுகட்டில் வலைகளை விரித்து, அந்தப் பனிமூட்டத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, 1990களில் குடிநீராகக் குழாயில் இறக்கினார்கள். உலகம் முழுவதும் பேசப்பட்ட திட்டம். பிறகு பராமரிப்பு இல்லாமல் வலைகள் கிழிந்து கைவிடப்பட்டன.

அப்படியானால் கிழக்கிலிருந்து மழை வரலாமே, அந்தப் பக்கம்தானே அமேசான் காடு? வருகிறது, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் வெறுங்கையோடு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பாலக்காட்டில் ஒரு வாசலாவது உண்டு. ஆண்டீஸ் அங்கே வாசலே இல்லாமல் நாலாயிரம், ஐயாயிரம் மீட்டருக்கு நிற்கிறது. கோடையில் கொஞ்சம் ஈரம் தப்பி வந்து உச்சிப் பீடபூமியில் பெய்யும். கீழே பாலைவனத்துக்கு அது வந்து சேராது.

கடல் ஏமாற்றுகிறது, மலை மறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அட்டகாமா, வடசிலியின் அந்தப் பாலைவனம். எல்லையோர நகரமான அரிக்காவில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே பதிவாகவில்லை. பதினான்கு வருஷத்துக்கு மேல்! அந்த ஊர்ப் பையன் ஒருவன் பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை குடை என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்திருப்பான். இத்தனைக்கும் அரிக்கா கொதிக்கும் பாலைவனம் அல்ல. கடல் குளிர்விப்பதால் ஆண்டு முழுக்க இதமாக இருக்கிறது. என்றும் வசந்தம் என்று அந்த ஊருக்குப் பட்டப் பெயரே உண்டு. டாக்காவின் ஏப்ரல் மாதப் புழுக்கத்தோடு ஒப்பிட்டால், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது எது என்றே சந்தேகம் வந்துவிடும்.

நான் சொன்ன காரணம் சரிதானா என்று சோதிக்க சிலியே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. தெற்கே போங்கள். கடல் இன்னும் குளிர்கிறது, மலை அதே மலை. ஆனால் 40 டிகிரி வாக்கில் காற்று மாறுகிறது. உயரழுத்தத்தின் பிடி விட்டுப்போய், மேற்கிலிருந்து புயற்காற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மலையில் நேராக மோதுகின்றன. வால்டிவியா நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர், டாக்காவின் அளவுதான். இன்னும் தெற்கே தீவுக் கூட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. அங்கே மலை மறைவு தலைகீழாகிறது: சிலிப் பக்கம் நனைந்த காடு, அர்ஜென்டினாப் பக்கம் வறண்ட புல்வெளி. சான் ரஃபேல் பனியாறு 46 டிகிரியிலேயே கடலைத் தொடுகிறது. வடகோளத்தில் அதே தூரத்தில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் சான்டியாகோ: குளிர்காலத்தில் மட்டும் மழை, ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் சுமார். டாக்காவின் ஜூலை மாதம் ஒன்றுக்கே அதற்கு மேல் பெய்துவிடும். 2010இலிருந்து அந்த மத்திய சிலியும் நீண்ட வறட்சியில் சிக்கிக்கொண்டது.

ஆக, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதற்குத்தான் கடைசி வார்த்தை. குளிர்கடல்கூட, காற்று சரியாக வந்து மோதினால், மழை தரும்.

இந்த இரண்டு நாடுகளையும் ஒப்பிடச் சொன்னால் நான் எப்போதும் 1991ஐ எடுத்துக்கொள்வேன். அந்த ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி இரவு வங்கதேசத்தின் சிட்டகாங் கரையை ஒரு புயல் தாக்கியது. மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் காற்று, ஆறு மீட்டர் உயரத்துக்குக் கடல் எழும்பி உள்ளே வந்தது. சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். அது நடந்து ஏழு வாரத்தில், ஜூன் 18ஆம் தேதி, அன்டோஃபகாஸ்டாவில் மழை பெய்தது. சில மணி நேரத்தில் சுமார் 40 மில்லிமீட்டர். டாக்காக்காரர் அதை மழை என்று சொல்லவே யோசிப்பார். அன்டோஃபகாஸ்டாவில் மொட்டை மலைகளிலிருந்து சேறும் கல்லும் சரிந்து குடியிருப்புகளின் மேல் இறங்கி, சுமார் 90 பேரைக் கொன்றது. அந்த மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து வைக்க ஒரு புல்கூட இல்லை. கூரைகளும் மழையை எதிர்பார்த்துப் போட்டவை அல்ல.

வங்காள விரிகுடாவின் வடமுனை புனல் மாதிரிக் குறுகுகிறது, ஆழமும் குறைவு. புயல் தள்ளிக்கொண்டு வரும் நீருக்குப் பக்கவாட்டில் போக வழியில்லாததால் மேலே எழும்புகிறது. 1970 நவம்பர் போலா புயலில் மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை இறந்ததற்கு இந்த வடிவமும் ஒரு காரணம். ஆனால் புவியியலே விதி என்று நினைத்துவிட வேண்டாம். 1972இல் புயல் எச்சரிக்கைத் தொண்டர் அமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு கான்கிரீட் புகலிடங்கள் கட்டினார்கள். 2007இல் சிதர் புயலும் ராட்சசப் புயல்தான். இறந்தவர்கள் சுமார் 3,400. அதே கடல், அதே புனல்.

சிலிக்குப் புயல் பயம் இல்லை, பூமியின் பயம். நாஸ்கா புவித்தட்டு தென்னமெரிக்காவுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. ஆண்டீஸ் எழுந்ததும் அதனால்தான், கரைக்கு அப்பால் எட்டாயிரம் மீட்டர் ஆழக் கடற்பள்ளம் விழுந்ததும் அதனால்தான். அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து லுல்லைலாக்கோ மலையின் உச்சி வரை, கிடைமட்டமாகச் சுமார் 300 கிலோமீட்டருக்குள், 14 கிலோமீட்டருக்கு மேல் உயரம் ஏறிவிடுகிறது. வங்கதேசத்தில் 300 கிலோமீட்டர் நடந்தாலும் ஒரு தென்னை மர உயரம் ஏறுவது சிரமம். 1960 மே 22இல் வால்டிவியாவை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 9.5; கருவிகள் பதிவு செய்தவற்றில் அதுதான் பெரியது. அதன் சுனாமி பசிபிக்கைக் கடந்து ஹவாயிலும் ஜப்பானிலும் ஆட்களைக் கொன்றது.

இதிலிருந்து எனக்குப் பிடித்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாட்டிலும் தரை அசைகிறது, வேறு வேறு விதமாக. 1835இல் சிலியின் கன்செப்சியன் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே போன டார்வின், கரையோர நிலம் மேலே தூக்கப்பட்டிருப்பதையும், பாறையில் ஒட்டிய சிப்பிகள் அலைக்கு மேலே செத்து அழுகிக் கிடப்பதையும் பற்றி எழுதியிருக்கிறார். 1960இல் வால்டிவியா பக்கம் நிலம் ஒன்றிரண்டு மீட்டர் தாழ்ந்தது. மேய்ச்சல் நிலங்கள் ஈரநிலமாகி இன்று அங்கே பறவைகள் நீந்துகின்றன. வங்கதேசத்தில் நிலத்தைச் செய்வதும் அழிப்பதும் ஆறு. இமயத்தை அரைத்து ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் வண்டலை மூன்று ஆறுகளும் கொண்டுவருகின்றன. இந்த வருஷம் ஒரு கரை சரியும், அடுத்த வருஷம் எதிரே ஒரு மணல்திட்டு எழும். அதை அவர்கள் சர் என்கிறார்கள். திட்டு எழுந்ததும் குடிசை போட்டு நெல் விதைத்துவிடுவார்கள். ஆறு கேட்டால் கூரையைக் கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பிரம்மபுத்திராவே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தடம் மாறத் தொடங்கி இன்றைய ஜமுனா ஆயிற்று.

எங்கும் வண்டல் என்றால் கல் எங்கே கிடைக்கும்? கிடைக்காது. வங்கதேசத்தில் நல்ல மண் இருக்கிறது, கல் மட்டும் அநேகமாக இல்லை. அதனால் மண்ணைச் செங்கலாகச் சுட்டு, அந்தச் செங்கலைச் சுத்தியலால் உடைத்து, ஜல்லிக்குப் பதிலாகச் சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் போடுகிறார்கள். சாலையோரம் உட்கார்ந்து செங்கல் உடைப்பது அங்கே ஒரு பிழைப்பு. வடசிலியில் நேர்மாறு. எல்லாம் கல், எல்லாம் உப்பு. மழை கரைக்காததால் பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்த நைட்ரேட் உப்பு மண்ணிலேயே கிடந்தது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் அது தேவைப்பட்டதால் 1879இல் சிலி, பெரு, பொலிவியா மூன்றும் மோதிக்கொண்டன. பொலிவியா கடற்கரையையே இழந்தது. அன்டோஃபகாஸ்டா அதற்கு முன் பொலிவியாவின் ஊர். பிறகு ஜெர்மானியர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதும் அந்தத் தொழில் படுத்தது. இப்போது செம்பும் லித்தியமும்.

வங்கதேசத்தைப் போல ஐந்து மடங்கு பெரிய சிலியில் 2 கோடிக்குக் கொஞ்சம் குறைவான மக்கள், வங்கதேசத்தில் சுமார் 17 கோடி. வண்டலும் நீரும் இருக்கும் இடத்தில் கூட்டம் சேரும். வேறு விளக்கம் தேவையில்லை.

இவ்வளவு வேறுபட்ட இரண்டு இடங்களையும் ஒரே விஷம் இணைக்கிறது என்பதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ. ஆர்சனிக். வங்கதேசத்தில் குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்ததால், 1970களிலிருந்து லட்சக்கணக்கான அடிபம்புகளைப் போட்டார்கள். நல்லெண்ணம்தான். 1993இல்தான் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. இமயத்திலிருந்து வண்டலோடு வந்து, காற்றுப் படாத ஈரமண்ணில் கரைந்து நீரில் கலந்திருந்தது. சோதித்த பம்புகளுக்குச் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசினார்கள்: சிவப்பு குடிக்காதே, பச்சை குடிக்கலாம். அன்டோஃபகாஸ்டாவில் கதை வேறு மாதிரி தொடங்கியது. குடிநீர்ப் பஞ்சம் தீர 1958இல் ஆண்டீஸ் மலையாற்று நீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். எரிமலைப் பாறைகளிலிருந்து அந்த நீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை ஊரே அதைக் குடித்தது. அந்த ஆண்டுகளில் குழந்தைகளாக இருந்தவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதில் நுரையீரல் புற்றுநோய் வந்தது. ஒரு ஊரில் தண்ணீர் அதிகம், இன்னொன்றில் தண்ணீரே இல்லை. இரண்டிலும் மலை அனுப்பிய விஷம்.

கடைசியாக, "இந்த ஏற்பாடு எப்போதாவது மாறுமா?" என்றும் கேட்டிருந்தார். தற்காலிகமாக மாறும். அதன் பெயர் எல் நினோ. சில ஆண்டுகளில் பசிபிக்கின் கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகிவிடும். நான் மேலே சொன்ன மூடி அப்போது தளர்கிறது. சிலியின் வறண்ட பகுதிகளுக்கு மழை வாய்ப்பு கூடுகிறது, தெற்காசியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் சோர்கிறது. 2015 அப்படிப்பட்ட ஆண்டு. மார்ச்சில் அட்டகாமாவில் பெய்த மழையில் கோப்பியாப்போ, சான்யாரால் என்ற ஊர்கள் சேற்றில் புதைந்தன. மண்ணுக்குள் வருஷக்கணக்காகத் தூங்கிய விதைகள் விழித்து, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பாலைவனத்தின் தென்பகுதி முழுக்க ஊதாப் பூவாக விரிந்தது. இந்தியாவில் அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் எல் நினோ வடகிழக்குப் பருவமழைக்குச் சாதகமாக இருக்கும். பூக்கள் வாடி ஒரு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 1ஆம் தேதி, சென்னையில் அந்த மழை கொட்டியது. வெள்ளத்துக்கு ஏரி திறப்பும் ஆக்கிரமிப்பும் என்று வேறு காரணங்கள் உண்டு. மழைக்கான ஏற்பாட்டில் மட்டும் அந்தத் தூரத்துக் கடலுக்கும் ஒரு கை இருந்தது.